நூற்று நாற்பது கிலோ

ஒன்பது நாளாக விடாமல் பெய்கிறது போத்தியில்.
கருங்கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது
கிரேன்காரருக்கே குழப்பம்.

நான் த்சியாலா. சுங்கத் தரகர்.
பிறர் சரக்குக்குப் பெயர் சொல்வது என் பிழைப்பு.
மரத்தில் இருக்கும்வரை அது ஹேசல் காய்.
ஓட்டை உடைத்துப் பருப்பை மூட்டையில் தைத்தபின்
பூஜ்யம் எட்டு, பூஜ்யம் இரண்டு, இருபத்திரண்டு.
அந்த எண் ஹாம்பர்க்கில் புரியும், பூசானில் புரியும்.
விளைவித்த முர்மானுக்குத்தான் புரியவில்லை:
"பார்த்தாலே தெரிகிறதே, பருப்பு என்று எழுதினால் என்ன?"

த்சலென்ஜிகாக்காரர். முதல் ஏற்றுமதி.
இருநூற்றைம்பது மூட்டை, மூட்டைக்கு எண்பது கிலோ.
விலைச்சீட்டையும் பொதிப்பட்டியலையும்
பூச்சி இல்லை, பூஞ்சை நஞ்சு இல்லை என்ற தாள்களையும்
ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி
மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தவர்போல்
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கணினியில் பதிந்தேன்.
பச்சை விழுந்தால் போகலாம், மஞ்சள் என்றால் தாளைப் பார்ப்பார்கள்.
பச்சைதான் விழுந்தது.
காபி வாங்கிவரப் போனார் முர்மான்.
அதற்குள் லாரி எடைமேடை ஏறிவிட்டது.

நூற்று நாற்பது கிலோ கூடுதல்.

சிவப்பு.

அதிகாரி உஷாங்கி பொல்லாதவர் இல்லை.
ஆனால் எடை கூடினால் உள்ளே ஏதோ பதுங்கியிருக்கிறது
என்பது அவர் வேலை கற்றுத்தந்த பாடம்.
சிகரெட்டாக இருக்கலாம். செம்புக் கம்பியாக இருக்கலாம்.
முத்திரையைக் கத்தரித்தார்கள்.
நாலு பேர் மூட்டை இறக்கினார்கள், தார்ப்பாய்க்கு அடியில்.
மோப்ப நாய் ஒரு சுற்று வந்தது,
இரண்டு முறை தும்மியது,
எதன் முன்னாலும் உட்காரவில்லை.
எண்ணினார்கள்: இருநூற்றைம்பது.
நிறுத்தார்கள்: சொன்னது சொன்னபடி.

ஐந்து மணிக்குக் கெடு. மணி நாலே கால்.
வாயிலுக்கு வெளியே இருந்து
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முர்மானின் அழைப்பு.
எடுத்தால் பேசமாட்டார். மழைச்சத்தம் மட்டும் கேட்கும்.

காலிப் பெட்டியை மட்டும் எடைமேடைக்கு அனுப்பினார் உஷாங்கி.
அதன் சொந்த எடையைக் கதவிலேயே
வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கிறது.
அதைவிட நூற்று நாற்பது கிலோ கனத்தது
உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி.

உள்ளே ஏறி மண்டியிட்டார்.
தரைப்பலகையில் உள்ளங்கையை அழுத்தினார்.
விரலிடுக்கில் நீர் கசிந்தது.

"இதற்கு எண் உண்டா, த்சியாலா?"

உண்டு. தண்ணீருக்கு இருபத்திரண்டு, பூஜ்யம் ஒன்று.
பனிக்கட்டிக்கும் அதே தலைப்புதான்.
சர்க்கரை சேர்க்காதது என்று உறுதி சொல்லவேண்டும்.
ஆனால் மரம் குடித்துவிட்ட மழை
தண்ணீர்க் கணக்கா, மரக் கணக்கா
என்று என் புத்தகத்தில் இல்லை.

சிரித்தார். குறிப்புக் கட்டத்தில் எழுதினார்:
ஈரம்.

கப்பல் கிளம்பிய சங்கு
என் அலுவலக ஜன்னல் கண்ணாடியில் அதிர்ந்தது.
அடுத்தது செவ்வாய்க்கிழமை.
நாலு நாள் கிடங்கு வாடகை, மூட்டை இறக்கிய கூலி, ஏற்றும் கூலி,
வேறு பெட்டி, வேறு முத்திரை,
பழைய எண் இருந்த எல்லாத் தாளும் மறுபடியும்.
"மழைக்கு நான் காசு கொடுக்கவேண்டுமா?" என்றார் முர்மான்.
அந்த ஈரத்தில் போயிருந்தால்
ஹாம்பர்க் சேர்வதற்குள் பூஞ்சை பிடித்து
முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்றேன்.
உண்மைதான். இருந்தாலும்
ஆறுதலை இறக்குமதி செய்ய
அன்றைக்கு அவரிடம் அனுமதி இல்லை.
டப்பாவை மூடிக்கொண்டு போனார்.
காபி என் மேசையில் ஆறியிருந்தது.

திங்கட்கிழமை புதுப் பெட்டி வந்தது.
ஏற்றுமுன் ஒரு நிமிடம் என்று சொல்லி
காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
காலுறையோடு நடந்து பார்த்தேன்.
கூலிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

நனையவில்லை.
ஏற்றுங்கள் என்றேன்.
வெளியே இன்னும் பெய்துகொண்டிருந்தது.